ஸ்பெயினில் வேலையில்லாதவரே இல்லாத ஊர்: உண்மையா?

கேள்வி | 2023 அக்டோபர் 7

ஸ்பெயினில் மரினலேடா என்று ஒரு கிராமம். கம்யூனிஸ்ட் மேயர், எல்லோருக்கும் ஒரே கூலி, வீட்டுக்கு மாதம் 15 யூரோ, வேலையில்லாதவர் ஒருவர்கூட இல்லை என்று ஒரு காணொளி சுற்றுகிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், உண்மையா? உண்மை என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏன் இதையே செய்யவில்லை?

2023 அக்டோபர் 8, காலை

பாதி உண்மை.

நான் பேக்கிங் மெஷின் பழுது பார்ப்பவன். குடியிருப்பு தென் ஸ்பெயினின் செவில் நகரத்தில், வேலை பெரும்பாலும் அதன் கிழக்கே உள்ள சிற்றூர்களில். மரினலேடா வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். 2,700 பேர் வசிக்கும் ஊர். சே குவேரா, சல்வடோர் அயேந்தே பெயர்களில் தெருக்கள், சுவரெல்லாம் ஓவியம், வெள்ளை வீடுகள். ஊருக்கென்று நகராட்சிப் போலீஸ் கிடையாது.

கதைச் சுருக்கம் இது. ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்து 1979-ல் முதல் உள்ளாட்சித் தேர்தல். ஹுவான் மனுவெல் சான்செஸ் கோர்தியோ என்ற வரலாற்று ஆசிரியர் மேயரானார். ஊரில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள். 1980 ஆகஸ்டில் சுமார் 700 பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். "பசிக்கு எதிராகப் பட்டினி" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம் இன்ஃபன்டாடோ டியூக் என்ற பெருநிலப் பிரபுவின் பண்ணைக்குள் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தார்கள். விரட்டினால் மறுபடி வருவார்கள். 1991-ல் 1,200 ஹெக்டேர் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது. பண்ணையின் பெயர் எல் உமோசோ.

வேலையில்லாதவரே இல்லை என்பது பொய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்பவர்கள் அந்த ஊரிலும் உண்டு. ஆனால் 2013 தொடக்கத்தில் செவில் இருக்கும் ஆண்டலூசியா மாநிலம் முழுவதும் வேலையின்மை 36 சதவீதத்தைத் தாண்டியபோது இந்த ஊர் அந்த அளவுக்கு அடிபடவில்லை. காணொளிகள் எல்லாம் அந்தக் காலத்தில் எடுத்தவைதான்.

2023 அக்டோபர் 8, இரவு

காலையில் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன்.

நிலம் கிடைத்தது பெரிதில்லை, அதில் என்ன நட்டார்கள் என்பதுதான் பெரிது. அந்த வட்டாரத்தில் கோதுமையும் சூரியகாந்தியும் நன்றாக வரும். ஆனால் கோதுமைக்கு ஒரு டிராக்டரும் ஓர் அறுவடை இயந்திரமும் போதும். 1,200 ஹெக்டேரையும் விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இவர்கள் மிளகாய், கூனைப்பூ (ஆர்டிசோக்), பெரிய அவரை, ஆலிவ் என்று போனார்கள். நடவும் கை, களையும் கை, பறிப்பதும் கை. பிறகு 1999-ல் ஊரிலேயே டப்பாவில் அடைக்கும் ஆலை வைத்தார்கள். வறுத்த மிளகாயைத் தோலுரிப்பதும் கைதான்.

எந்தப் பயிர் அதிக லாபம் தரும் என்று பார்க்காமல், எந்தப் பயிர் அதிக நாள் வேலை தரும் என்று பார்த்து நட்டார்கள். எனக்கு அந்த ஊரில் உண்மையிலேயே பிடித்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் சுவரோவியம்.

பக்கத்து ஊர்கள் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு எஸ்தேபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரில் இருபது நிமிடம். எழுத நேரம் வேண்டும், வருகிறேன்.

2023 அக்டோபர் 15

எஸ்தேபா ஒரு குன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். சுமார் 12,500 பேர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் ஆலிவ் மரம். இந்த மாதம் நீங்கள் காரைவிட்டு இறங்கினால் முதலில் மூக்குக்குத்தான் ஊர் தெரியும்: இலவங்கப்பட்டை, வறுத்த மாவு, எள். ஊர் முழுக்க ஓர் அடுப்பு மாதிரி.

ஸ்பெயின் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு மன்டெகாடோ என்ற ஒரு பண்டம் இருக்கும். மாவை வறுத்து, கொழுப்பும் சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்த்துச் சுட்டது. கிட்டத்தட்ட நம் வாயில் மாலாடு கரைவது போலக் கரையும். இதன் உறவு போல்வோரோன், அதில் பாதாம் உண்டு, மேலே சர்க்கரைப் பொடி. உறையைப் பிரிப்பதற்கு முன் உள்ளங்கையில் வைத்து நன்றாக அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் சட்டையெல்லாம் மாவு. எனக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் மிக்கேலா ரூயிஸ் தேயெஸ் என்று ஒரு பெண் இருந்தார். ஊரில் அவரை "லா கொல்சோனா" என்பார்கள். அவர் கணவர் எஸ்தேபாவுக்கும் கோர்டோபாவுக்கும் இடையே சரக்கு வண்டி ஓட்டியவர். வீட்டில் செய்த மன்டெகாடோவை வண்டியில் கொடுத்து அனுப்பினால் வழியிலேயே உடைந்துபோனது. இந்த அம்மா மாவை வறுத்து ஈரத்தை எடுத்து, வெளியே காய்ந்தும் உள்ளே மென்மையாகவும் வரும்படி மாற்றினார். பண்டம் பயணம் தாங்கியது. அவ்வளவுதான், ஒரு தொழில் பிறந்துவிட்டது. இன்று சுமார் இருபது ஆலைகள். பருவத்தில் 2,000 பேர் வரை வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அதாவது கிட்டத்தட்ட எல்லாத் தெருவிலும், எல்லாக் குடும்பத்திலும் ஒருவர்.

பருவத்தை கம்பான்யா என்பார்கள். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். மூன்றரை, நான்கு மாதம். மீதி எட்டு மாதம் ஆலை பூட்டியிருக்கும். ஜூலையில் நான் போகும்போது உள்ளே என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கும்.

வேலை ஒப்பந்தத்துக்கு ஃபிஹோ டிஸ்கொன்டினுவோ என்று பெயர். நிரந்தரம்தான், ஆனால் விட்டு விட்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆலை கூப்பிட வேண்டும், பெரும்பாலும் பழைய ஆள் முதலில். நான் வழக்கமாகத் தங்கும் விடுதியை நடத்தும் அம்மா பதினான்கு வயதில் மன்டெகாடோவைத் தாளில் சுற்றும் வேலைக்குப் போனவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் "அந்தக் கம்பான்யாவுக்கு முன்னால்", "அதற்குப் பின்னால்" என்றுதான் சொல்வார். அவர் வாயிலிருந்து வருட எண்ணே வந்ததில்லை.

2023 அக்டோபர் 16

மன்டெகாடோவில் சேர்ப்பது பன்றிக் கொழுப்பா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், பன்றிக் கொழுப்புதான். பண்டத்தின் பெயரே மன்டேகாவிலிருந்து வந்தது, மன்டேகா என்றால் பன்றி நெய். சைவர்கள் வாங்குமுன் உறையைப் பார்க்கவும். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கும், நன்றாகவே இருக்கும்.

2023 அக்டோபர் 22

8-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம், விட்டுப்போன ஒரு விஷயம்.

ஒன்று. நிலம் "ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது" என்று எழுதிவிட்டேன். தவறான அர்த்தம் வருகிறது. ஆண்டலூசிய அரசு டியூக்கிடமிருந்து நிலத்தை எடுத்தது, பயன்படுத்தும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தது. பட்டா ஊர்க்காரர்கள் யார் பேரிலும் மாறவில்லை. நிலத்தை நடத்தும் ஊர்க் கூட்டுறவு தன் லாபத்தைப் பங்குபோட்டுக் கொடுப்பதும் இல்லை, மறுபடி வேலை உண்டாக்கத்தான் போடுகிறது.

இரண்டு, கூலி. நாளுக்கு 47 யூரோ, ஆறரை மணி நேரம் என்று எல்லாக் காணொளியிலும் வருகிறது. அது 2012 வாக்கில் சொன்ன எண். அன்று நல்ல கூலி. 2023-ல் ஸ்பெயினில் தற்காலிகக் கூலிக்குச் சட்டப்படி குறைந்தபட்சமே நாளுக்கு 51.15 யூரோவாக இருந்தது. ஆகவே பழைய எண்ணை இன்று எடுத்துக்காட்டி "பார்த்தாயா சொர்க்கத்தை" என்று சொல்வது சரியில்லை.

வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். 15 யூரோ உண்மை. நகராட்சி மனையும் கட்டிடப் பொறியாளரையும் தரும், அரசு சாமான் தரும், குடும்பம் உடலுழைப்பைத் தரும். அப்படி சுமார் 350 வீடுகள். விற்று லாபம் பார்க்க முடியாது. 2008-ல் ஸ்பெயினில் வீட்டுக்கடன் சரிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது இந்த ஊரில் கதவைத் தட்ட வங்கிக்காரர் வரவில்லை. கூலியைவிட இதுதான் அந்த ஊரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

2023 அக்டோபர் 29

"இரண்டு ஊருமே அரசு உதவித்தொகையில் ஓடுகிற ஊர்கள், இதில் என்ன பெருமை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

உதவித்தொகை உண்மை. ஆண்டலூசியாவிலும் பக்கத்து மாநிலமான எஸ்த்ரெமதூராவிலும் மட்டும் விவசாயக் கூலிகளுக்கு 1984 முதல் ஒரு தனித் திட்டம் இருக்கிறது. ஒரு நாள் வயல் வேலைக்குப் பெயர் பியோனாடா. வருடத்தில் 35 பியோனாடா காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு, அதிகபட்சம் 180 நாள், உதவி கிடைக்கும். 2023-ல் அது மாதம் 480 யூரோ. வறட்சியால் வேலையே இல்லாமல் போனதால் 2023-ல் 10 நாள் போதும் என்று குறைத்தார்கள்.

மாதம் 480 யூரோவில், அதுவும் ஆறு மாதம், யாரும் காலாட்டிக்கொண்டு வாழ முடியாது. அந்தப் பணம் ஆளை ஊரில் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். அடுத்த செப்டம்பரில் ஆலிவ் பறிக்க ஆள் வேண்டும் அல்லவா? ஆலிவ் காய்க்கும் வரை அந்த ஆள் எங்கே போவார்? முன்பு பார்சிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள், திரும்பவில்லை. இன்றும் திராட்சை பறிக்க பிரான்சுக்குப் போகிறவர்கள் உண்டு.

மன்டெகாடோ ஆலையில் உழைத்த நாள் பியோனாடா ஆகாது. அது தொழிற்சாலைக் கணக்கு. அந்தக் கணக்கில் 360 நாள் காப்பீட்டுப் பணம் கட்டினால்தான் 120 நாளுக்கு வேலையின்மை ஊதியம். ஒரு கம்பான்யா நூறு நாள், நூற்றுப்பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பான்யா முழுசாக முடித்தும் 360 வராது. ஆகவே ஆலைப் பெண்கள் பலர் டிசம்பரில் ஆலை மூடியதும் ஆலிவ் தோப்புக்குப் போகிறார்கள். வருடத்தை இரண்டு மூன்று துணித்துண்டுகளாக எடுத்து ஒட்டுப்போட்டுத் தைக்கிறார்கள்.

தோப்பு வேலை எளிதும் இல்லை. செப்டம்பரில் ஊறுகாய்க்கான பச்சை ஆலிவ். அதை அடித்து உதிர்க்கக் கூடாது, காயம்பட்டால் விலை போகாது. கழுத்தில் மக்காக்கோ என்ற கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கிளையை மேலிருந்து கீழே விரல்களால் உருவ வேண்டும். இதற்கு அவர்கள் சொல்லும் சொல் ஒர்தேன்யோ, பால் கறத்தல். மாடு கறக்கிற அதே சொல். எண்ணெய்க்கான ஆலிவ் நவம்பரில் தொடங்கும், அதைக் கம்பால் அடிக்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பியோனாடா கையெழுத்தை விலைக்கு வாங்குவது நடந்த விஷயம்தான். வயலுக்கே போகாமல் போனதாகக் கணக்குக் காட்டினார்கள், அதைச் செய்துகொடுத்த நிலக்காரர்களும் இருந்தார்கள். வழக்குகளே நடந்திருக்கின்றன. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் திருட்டுக் கையெழுத்தை வைத்து, அக்டோபர் வெயிலில் கறந்துகொண்டிருப்பவர்களையும் சேர்த்துப் பேசாதீர்கள்.

2023 நவம்பர் 12

இதை எழுதலாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன்.

எஸ்தேபாவில் ஒரு நடுத்தர ஆலை. பெயர் வேண்டாம். 2016 கோடையில் அங்கே பண்டத்தைத் தாளில் சுற்றும் மெஷின் ஒன்றை நான்தான் நிறுவினேன். அதுவரை அங்கே ஒரு நீள மேசையில் பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து, ஒவ்வொரு மன்டெகாடோவையும் தாளில் வைத்து, இரண்டு முனையையும் ஒரே திருகலில் முறுக்கிப் போடுவார்கள். பார்த்தால் கை நகர்வதே தெரியாது. பேச்சு நிற்காது. மெஷினை ஓட விட்ட அன்று அந்தப் பேச்சு நின்றது, ஏனென்றால் சத்தத்தில் யாருக்கும் யாரும் கேட்கவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். தாள் கிழியவில்லை, முறுக்கு சரியாக விழுந்தது, முதல் நாளே ஒழுங்காக ஓடியது. என் வேலையில் அது நல்ல நாள்.

அந்த மெஷினால் யாருக்காவது வேலை போயிற்றா என்று பிறகு ஆலைக்காரரிடம் கேட்டேன். "ஒருவருக்கும் இல்லை" என்றார். அது உண்மைதான். வேலைப் பட்டியலில் எல்லோர் பெயரும் அப்படியே இருந்தது.

அடுத்த வருடம் விடுதி அம்மாதான் எனக்குப் புரியவைத்தார். அவர் மகள் அந்த ஆலையில்தான் இருக்கிறாள், பட்டியலில் கொஞ்சம் கீழே. மெஷினுக்கு முன் செப்டம்பர் முதல் வாரம் கூப்பிடுவார்கள். மெஷினுக்குப் பின் அக்டோபர் நடுவில் கூப்பிட்டார்கள். ஆளை எடுக்கவில்லை, ஆறு வார நாட்களை எடுத்துவிட்டது. வருடத்துக்கு ஆறு வாரம் குறைந்தால் 360 நாள் சேர எத்தனை கம்பான்யா ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. காபி ஊற்றிக்கொண்டே "நீ வைத்தது ரொம்ப வேகமாம், பெண்கள் சொல்கிறார்கள்" என்றார்.

மரினலேடா கோதுமையை ஏன் விட்டது என்பது எனக்கு அந்தச் சமையலறையில்தான் முழுசாகப் புரிந்தது.

2023 நவம்பர் 13

"மெஷின் வைக்காவிட்டால் ஆலையே மூடியிருக்கும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். அந்த ஆலைக்காரரும் அதைத்தான் சொன்னார். பெரிய கடைத்தொடர்கள் தங்கள் பெயரில் அட்டைப்பெட்டி போட்டு விற்கின்றன, விலையை அவைதான் சொல்கின்றன, சர்க்கரையும் கொழுப்பும் ஏறினாலும் பெட்டி விலை ஏறாது. அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

ஒரு பாதுகாப்பு மட்டும் உண்டு. எஸ்தேபா மன்டெகாடோவுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, எஸ்தேபா எல்லைக்குள் செய்தால்தான் அந்தப் பெயர் போடலாம். ஆலை மலிவான ஊரைத் தேடிப் போக முடியாது. ஆலை ஊரில் இருக்கும். ஆனால் ஊருக்கு எத்தனை நாள் கொடுக்கும் என்பதை அந்தக் குறியீடு சொல்லவில்லை.

2023 டிசம்பர் 3

நேற்று மரினலேடாவுக்கு இதற்காகவே போய் வந்தேன். கேள்வி கேட்டவருக்கு நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

சான்செஸ் கோர்தியோ இப்போது மேயர் இல்லை. 44 வருடத்துக்குப் பிறகு 2023 மே மாதத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. அவர் அணியைச் சேர்ந்தவரே மேயராக வந்தார். மதுக்கடையில் பேசியவர்களில் வயதானவர்கள் அவரைப் பற்றிப் பேசினார்கள், இளைஞர்கள் எண்ணெய் விலையைப் பற்றிப் பேசினார்கள். ஓர் இளைஞன் சொன்னான்: அவன் அப்பா எல் உமோசோவில் படுத்துக் கிடந்து வாங்கிய நிலம், தனக்குக் குனிந்து கூனைப்பூ வெட்ட இஷ்டமில்லை, செவிலில் மின்வேலை படிக்கிறான். வீடு மட்டும் இங்கேயே வேண்டுமாம். எனக்கு அவன்மேல் வருத்தம் வரவில்லை. அவன் அப்பா படுத்துக் கிடந்ததே இப்படித் தேர்ந்தெடுக்கும் நிலைமை மகனுக்கு வர வேண்டும் என்றுதானே?

தோப்பில் காய் குறைவு. 2021-22 பருவத்தில் ஸ்பெயின் முழுவதும் 15 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவாக ஆலிவ் எண்ணெய் எடுத்தார்கள். அடுத்த பருவம், வறட்சியால், 7 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை. விலை தாறுமாறாக ஏறியது. தோப்பு வைத்திருப்பவருக்குக் குறைந்த காயை உயர்ந்த விலை கொஞ்சம் ஈடுகட்டும். கூலி ஆளுக்கு விலையோடு சம்பந்தமே இல்லை. காய் பாதி என்றால் நாளும் பாதி.

அக்டோபரில் மரினலேடாவைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கி எழுதிவிட்டேன். மழை இல்லாவிட்டால் அங்கேயும் மற்ற ஊர் நிலைமைதான். கையால் செய்யும் பயிர் என்றாலும் பயிர் இருக்க வேண்டுமே.

2023 டிசம்பர் 17

கம்பான்யா முடிந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பலகாரத் தட்டு அடுப்பிலிருந்து வந்தது, சனிக்கிழமை நான் மெஷினைத் திறந்து மாவைத் துடைத்தேன்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். எஸ்தேபாவிலிருந்து வடக்கே புவென்தே ஹெனில் என்று ஒரு ஊர், கோர்டோபா மாகாணம், எஸ்தேபாவைவிடப் பெரியது. அங்கே சீமை மாதுளைப் பழத்தில் அல்வா மாதிரி ஒரு பாகு செய்கிறார்கள். அதோடு தெரு அலங்கார விளக்கு. மலகாவில் லாரியோஸ் தெருவில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கும் விளக்கு வளைவுகள், வடக்கே வீகோ நகரம் பெருமையடித்துக்கொள்ளும் விளக்குகள், எல்லாம் அங்கிருந்துதான் போகின்றன. ஓர் ஊர் பலகாரம் கொடுக்கிறது, பக்கத்து ஊர் விளக்கு கொடுக்கிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் டிசம்பர் 25 வந்துவிடும். ஆலிவைவிட இது நம்பகமான பயிர் என்று விடுதி அம்மா சொல்வார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஜனவரியில் மன்டெகாடோ சாப்பிடும் பழக்கத்தை யாராவது உண்டாக்கினால் தேவலை என்பதும் அவர் சொன்னதுதான். ஆலைகள் கோடை விற்பனைக்கு வேறு பிஸ்கோத்து வகைகளை முயன்று பார்த்திருக்கின்றன, ஆனால் ஊர் வாழ்வது செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரையில்தான்.

2024 ஜனவரி 14

அந்த மகள் என்ன ஆனாள் என்று கேட்டிருந்தீர்கள். நேற்று தொலைபேசியில் பேசினேன்.

இந்தக் கம்பான்யாவில் அவளை அக்டோபர் 9 அன்று கூப்பிட்டார்கள். ஆலையில் கிடைத்தது 58 நாள். ஆலை மூடிய பின் அத்தை மகனின் தோப்பில் ஆலிவ், இதுவரை 12 பியோனாடா. பழைய விதிப்படி 35 என்றால் எட்டியே இருக்க முடியாது. 10 என்பதால் தப்பித்தாள். பிப்ரவரியில் கூனைப்பூ வெட்ட ஆள் எடுத்தால் போவாளாம்.

அவள் அம்மா தொலைபேசியை வாங்கி, ஜூலையில் எப்போது வருகிறாய் என்று கேட்டார். அந்த ஆலைக்காரர் இரண்டாவது மெஷினுக்கு விலை கேட்டிருக்கிறார், நிறுவனம் என்னைத்தான் அனுப்பும். அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மேல்மாடி அறையில் வெயில் அதிகம், இந்தத் தடவை கீழ் அறையை எடுத்துக்கொள் என்றார்.